பொதுமக்கள் என்போர் யாவர்?

நாட்டின் எந்த நகரத்தில் வேலைநிறுத்தமோ மறியலோ ஊர்வலமோ நடந்தாலும் மறுநாள் நாளிதழில் ஒரு தலைப்புத் தவறாமல் இடம்பெறும்: ‘பொதுமக்கள் அவதி’. இத்தலைப்பைப் பல்லாண்டுகளாகப் படித்துப் படித்து, அதில் ஐயுறுதற்கு ஏதேனும் உண்டா என்று எண்ணிப் பார்க்கும் பழக்கமே நம்மிடமிருந்து போய்விட்டது. பேருந்தை நிறுத்திய ஓட்டுநரும், குப்பையை அள்ளாமல் அமர்ந்துவிட்ட தொழிலாளியும், அவர்தம் மனைவி மக்களும் அந்தப் பொதுமக்களுள் அடங்குவரா, அடங்காரா? அடங்குவர் எனில், மக்களில் ஒரு பகுதியினர் மற்றொரு பகுதியினரிடம் ஏதோ கேட்கிறார்கள் என்றல்லவா தலைப்பிட வேண்டும்? அடங்கார் எனில், வேலைக்குப் போன நாளெல்லாம் மக்களாக இருந்தவர்கள் வேலையை நிறுத்திய அன்று மட்டும் என்னவாகிப் போனார்கள்?

இலக்கிய ஆராய்ச்சிகளும் பயண நினைவுகளும் நிறைந்த இம்மலரில் இவ்வினா சற்றே கரடுமுரடாகத் தோன்றக்கூடும். அன்பர்கள் பொறுத்தருள வேண்டும். ஊரைவிட்டு வந்து இம்மும்பை மாநகரில் இரண்டு மூன்று தலைமுறைகளாக வாழ்ந்துவரும் நாம், பொதுமக்கள் கருத்து என்னும் பெயரால் நடைபெறும் இந்த ஏமாற்றை மற்றவரினும் எளிதில் கண்டுகொண்டிருக்க வேண்டியவர்கள். ஏனெனில் ஒரு காலத்தில் அச்சொல்லுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் நாம்தாம்.

1960 மே முதல் நாள் மராட்டிய மாநிலம் பிறந்தது. அதற்காக நடந்த கிளர்ச்சியில் நூற்றுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். மாநிலம் கிடைத்தது, ஆனால் அதன் தலைநகரில் மராத்தி இளைஞனுக்கு வேலை கிடைக்கவில்லை. அந்த மனக்குறை உண்மையானது. அதை நாம் மறுத்தல் ஆகாது. அக்குறைக்குக் காரணமாக எவரைச் சுட்டிக்காட்டினார்கள் என்பதே கேள்வி. ‘மார்மிக்’ என்னும் மராத்தி வார இதழ் அலுவலகங்களில் பணியாற்றும் தென்னிந்தியர்களின் பெயர்களை வரிசை வரிசையாக அச்சிட்டது. தொலைபேசிப் புத்தகத்திலிருந்தும் பெயர்கள் திரட்டப்பட்டன. ‘படித்துவிட்டுச் சும்மா இருங்கள்’ என்ற பொருள்படும் குத்தலான தலைப்பு அப்பட்டியல்களுக்கு மேலே இருந்தது. 1966 ஜூனில் சிவசேனை தோன்றியது. லுங்கி கட்டியவனை விரட்டு என்ற முழக்கம் எழுந்தது. 1968இல் நடந்த மாநகராட்சித் தேர்தலில் அவ்வமைப்பு 42 இடங்களை வென்றது.

அந்நாளில் மாதுங்காவில் ஒரு மெஸ்ஸில் சாப்பிட்டு, நால்வருடன் ஓர் அறையில் தங்கி, கோட்டைப் பகுதியில் ஒரு மத்திய சர்க்கார் அலுவலகத்தில் கீழ்நிலை எழுத்தராகப் பணியாற்றியவர் என் தந்தையார். மாலையில் வீடு திரும்பும்போது தமிழ் வார இதழை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொள்வாராம். அவரும் அவர் நண்பர்களும் அப்போது கேட்ட கேள்வியைப் பிற்காலத்தில் பலமுறை என்னிடம் சொல்லியிருக்கிறார். “இந்த ஊர் ஆலைகள் யாருடையவை? வங்கிகள் யாருடையவை? கட்டடங்கள் யாருடையவை? தட்டச்சுப் பொறிக்கு முன்னால் குனிந்திருக்கும் பாலக்காட்டுக்காரனா இந்த ஊர்ச் செல்வத்தைக் கொண்டுபோகிறான்? இட்லி விற்கும் உடுப்பிக்காரனா கொண்டுபோகிறான்?” மாதம் நூற்றுச் சொச்சம் சம்பளம் வாங்கியவர் கேட்ட நியாயமான கேள்வி அது. ஏற்றத்தாழ்வுக்குக் காரணம் மேலே இருக்க, பக்கத்தில் இருப்பவனைப் பிடித்து உலுக்குவது என்ன நீதி?

இந்தக் கேள்வியை நாம் கேட்டோம். நன்றாகவே கேட்டோம். அதன் பிறகு நாமே அதை மறந்துபோனோம் என்பதே என் குற்றச்சாட்டு.

1982 ஜனவரி 18ஆம் நாள் பம்பாயின் பஞ்சாலைகள் நின்றன. 1981 தீபாவளி போனஸில் தொடங்கிய தகராறு அது. ஏறத்தாழ இரண்டரை லட்சம் தொழிலாளர்கள் வெளியே வந்தனர். 1946ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி தொழிலாளர் சார்பில் பேசும் உரிமை ஒரே ஒரு சங்கத்துக்குத்தான் உண்டு. அச்சங்கத்தைத் தொழிலாளர் நம்பவில்லை. எனினும் சட்டம் அதையே நம்பியது. ஆகவே அவர்கள் டாக்டர் தத்தா சாமந்த்தைத் தேடிப் போயினர். கேட்டவை என்ன? ஊதிய உயர்வு, தாம் விரும்பும் சங்கத்துக்கு அங்கீகாரம், ‘பத்லி’களுக்கு நிரந்தரப் பணி. பத்லி என்பவர் நாள்தோறும் காலையில் ஆலை வாயிலில் வந்து நின்று, அன்றைக்கு எவராவது வராதிருந்தால் அவ்விடத்தில் வேலை பெறுபவர். எல்லோரும் வந்துவிட்டால் வீட்டுக்குத் திரும்ப வேண்டியவர். இப்படி ஆண்டுக்கணக்கில் நின்றவர்கள் இருந்தனர்.

பரேலுக்கும் மாதுங்காவுக்கும் இடையே தாதர் ஒன்றுதான் குறுக்கே நிற்கிறது. அந்த ஆண்டு நம் வீடுகளில் நிலவிய கருத்து என்ன? என் தந்தையார் உட்பட நம்மவர் பலரும் சொன்னது ‘பேராசை’ என்ற ஒரு சொல்லே. ‘இருக்கிற வேலையைக் கெடுத்துக்கொள்கிறார்கள்’ என்றனர். ‘தலைவர் காரில் போகிறார், இவர்கள் பட்டினி கிடக்கிறார்கள்’ என்றனர். பதினாறு ஆண்டுகளுக்கு முன் ‘செல்வம் யாருடையது’ என்று கேட்ட அதே வாய்! தம்மை மெஸ் வாயிலில் மிரட்டிய இளைஞனின் தந்தையும் தமையனும்தாம் அவ்வாலைகளில் பெரும்பாலோர் என்ற கசப்பும் அதில் கலந்திருந்தது, மறைப்பானேன்? தவறான ஆளின் மீது கோபம் கொண்டவர்களை நாம் கண்டித்தோம். அவர்கள் சரியான ஆளை நோக்கித் திரும்பிய அன்றும் அவர்களையே கண்டித்தோம்.

இதில் ஒரு நன்றிகெட்டதனமும் உண்டு. ஆண்டுக்கு இருமுறை நம் சம்பளப் பட்டியலில் ஏறும் அகவிலைப்படியைப் பற்றிப் பேசாத மத்திய சர்க்கார் ஊழியர் எவரேனும் உளரா? விலைவாசி உயர்ந்தால் அதற்கேற்ப ஊதியமும் உயர வேண்டும் என்று 1940 மார்ச்சில், உலகப் போர் நடந்துகொண்டிருந்த வேளையில், இதே பம்பாய்ப் பஞ்சாலைகளில் லட்சத்துக்கு மேற்பட்டோர் வாரக்கணக்கில் பட்டினி கிடந்து போராடினார்கள். அதற்கும் முன்னே, 1884இல் நாராயண் மேகாஜி லோகாண்டே என்பார் இவ்வூர் ஆலைத் தொழிலாளரைத் திரட்டி, வாரத்தில் ஒருநாள் ஓய்வு வேண்டும் என்று ஆயிரக்கணக்கானோரின் கையொப்பத்துடன் விண்ணப்பித்தார். 1890இல்தான் ஆலை முதலாளிகள் ஞாயிற்றுக்கிழமை விடுமுறைக்கு இசைந்தனர். நாம் பேராசை என்று பெயரிட்டது அவ்வாலைகளின் பேரப்பிள்ளைகளைத்தான்.

நம் இனத்துப் போராட்டங்களும் உண்டு. 1960 ஜூலையில் மத்திய சர்க்கார் ஊழியர்கள் ஐந்து நாள் வேலைநிறுத்தம் செய்தனர். 1968 செப்டம்பர் 19ஆம் நாள் ஒரே ஒரு நாள் அடையாள வேலைநிறுத்தம். அதற்கு அவசரச் சட்டம், ஆயிரக்கணக்கில் கைது, துப்பாக்கிச் சூட்டில் உயிரிழப்பு. 1974 மே 8 முதல் 27 வரை ரயில்வே ஊழியர் போராட்டம். அவர்கள் கேட்டவற்றுள் ஒன்று போனஸ். அன்று நாட்டுக்குத் துரோகம் என்று அதனைப் பலர் தூற்றினர். உள்ளே போனவர்களின் குடும்பங்கள் குடியிருப்பிலிருந்து வெளியேற்றப்பட்டன. 1979-80ஆம் ஆண்டு முதல் ரயில்வேயில் உற்பத்தியுடன் இணைந்த போனஸ் வழங்கப்பட்டது. பின்னர் மற்றத் துறைகளுக்கும் பரவியது. போராட்டத்தின்போது ‘விசுவாச ஊழியராக’ இருந்து வேலைக்குப் போனவர்களும் அதைப் பெற்றுக்கொண்டார்கள். எவரும் திருப்பிக் கொடுத்ததாகக் கேள்விப்படவில்லை.

(1964ஆம் ஆண்டின் நடத்தை விதிகள் என்போன்றோர் வேலைநிறுத்தம் செய்வதைத் தடுக்கின்றன. வரலாறு எழுதுவதைத் தடுக்கவில்லை என்ற துணிவில் எழுதுகிறேன்.)

தாயகத்துச் செய்தி ஒன்றையும் இங்கே குறிப்பிடலாம். 2003 ஜூலையில் தமிழகத்தில் வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியர், ஆசிரியர் ஏறத்தாழ ஒரு லட்சத்து எழுபதாயிரம் பேர் ஒரே வீச்சில் பணிநீக்கம் செய்யப்பட்டனர். இங்கிருந்த நம்மவர் பலர் கை தட்டினர். அவர்களுள் ஒருவர், தம் தங்கையின் பெயரும் அப்பட்டியலில் இருக்கிறது என்று ஊரிலிருந்து தொலைபேசி வந்த மறுநாள் முதல் அதைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும் என்பது பழமொழி. அவருக்குத் தெரிந்ததா என்று நான் கேட்கவில்லை.

பஞ்சாலைப் போராட்டம் முறைப்படி முடித்துவைக்கப்படவே இல்லை, தேய்ந்து மறைந்தது. 1983இல் 13 ஆலைகளின் நிர்வாகத்தை அரசு ஏற்றது. லட்சக்கணக்கானோர் மீண்டும் உள்ளே நுழையவில்லை. தத்தா சாமந்த் செய்தது எல்லாம் சரி என்று வாதிட நான் வரவில்லை. முதலாளிகளிற் பலருக்கு ஆலை ஓடுவதைவிட நிற்பதே ஆதாயம் என்பதையும், பம்பாயின் தறிகள் நின்றால் பிவண்டியில் விசைத்தறி ஓடும் என்பதையும் அவர் சரியாகக் கணிக்கவில்லை. பொறியியல் தொழிற்சாலைகளில் பலித்த முறையைப் பஞ்சாலையில் கையாண்டார். பட்டினி கிடந்தவர்கள் தொழிலாளர்கள். இதனை எவரும் எழுதலாம், எழுதியும் இருக்கிறார்கள். ஆனால் போராட்டத்தைப் ‘பொதுமக்கள்’ வெறுத்தார்கள் என்று எழுதுவோர்க்கு ஒரு செய்தியை நினைவூட்ட விரும்புகிறேன். 1984 டிசம்பரில் நாடெங்கும் காங்கிரஸ் அலை வீசியபோது, தென்மத்திய பம்பாய்த் தொகுதி சாமந்த்தை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. போராட்டத்தால் மிகவும் நொந்தவர்கள் வாழ்ந்த பகுதி அது. அவ்வாக்காளர்கள் பொதுமக்கள் அல்லரெனில் வேறு யாவர்? அவர்கள் கருத்து அன்று பத்திரிகையில் வரவில்லை, வாக்குப்பெட்டியில்தான் வந்தது.

ஆலைகள் நின்ற பிறகு நிகழ்ந்தவையே நாம் அனைவரும் நின்று பார்க்க வேண்டியவை. நகரின் நடுவே ஏறத்தாழ 600 ஏக்கர் ஆலை நிலம் கிடந்தது. ஆலை நிலத்தை விற்றுக் கட்டடம் எழுப்புவதாயின் மூன்றில் ஒரு பங்கு நகரின் திறந்தவெளிக்கு, ஒரு பங்கு எளியோர் வீட்டுவசதிக்கு, எஞ்சியது உரிமையாளருக்கு என்று 1991இல் விதி வகுக்கப்பட்டது. 2001இல் அவ்விதியில் ஒரு திருத்தம். பங்கீடு மொத்த நிலத்துக்கு அன்று. கட்டடமில்லாத காலி நிலத்துக்கு மட்டுமே. ஆலை என்றால் நிலம் முழுதும் கட்டடம்தானே? ஆக, நகரத்துக்கும் ஏழைக்கும் கிடைக்க வேண்டியது ஒரு சொல் மாற்றத்தில் சுருங்கிப் போயிற்று. 2006இல் உச்ச நீதிமன்றமும் அதனை ஏற்றது. இரண்டரை லட்சம் பேர் கூடுதலாகக் கேட்டது பேராசையாம். நூற்றுக்கணக்கான ஏக்கர் கைம்மாறியதற்கு வளர்ச்சி என்று பெயராம்! அன்று ‘பொதுமக்கள் அவதி’ என்ற தலைப்பு எந்தத் தாளிலும் வரவில்லை. எவரும் சாலையை மறிக்கவில்லை அல்லவா!

பீனிக்ஸ் ஆலை இன்று வணிக வளாகம். நாம் குடும்பத்துடன் அங்கே போகிறோம். நம் பிள்ளைகள் பலர் லோயர் பரேலின் கண்ணாடி மாடங்களில் வேலை பார்க்கிறார்கள். நானும் போயிருக்கிறேன். நூற்பாலைக்காகப் போடப்பட்ட அதே தெருக்களிலும் நடைபாலங்களிலும் இன்று அலுவலகக் கூட்டம் நெருக்கியடிக்கிறது. 2017 செப்டம்பர் 29ஆம் நாள் காலையில், மழைக்கு ஒதுங்கிய கூட்டத்தில் எல்ஃபின்ஸ்டன் சாலை நிலையத்து நடைபாலத்தில் 23 பேர் நசுங்கி மாண்டனர். அப்பகுதியில் திறந்தவெளி இருந்திருந்தால், சாலை அகன்றிருந்தால் என்று அன்று பேசியவர்கள், 2001இன் அந்த ஒரு திருத்தத்தைப் பற்றிப் பேசியதாக நினைவில்லை.

இனி நம் கருத்து எப்போது ஒரு போராட்டத்தை மெச்சுகிறது என்பதைப் பார்ப்போம். 2018 மார்ச்சில் நாசிக்கிலிருந்து உழவர்கள், பெரும்பாலும் பழங்குடியினர், ஏறத்தாழ 180 கிலோமீட்டர் நடந்து மும்பை வந்தனர். மறுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பொதுத் தேர்வு. போக்குவரத்துக்கு இடையூறு நேரக் கூடாதென்று, நாளெல்லாம் நடந்த களைப்போடு இரவிலும் தொடர்ந்து நடந்து விடியுமுன் ஆசாத் மைதானத்தை அடைந்தனர். வெடித்த பாதங்களின் படங்கள் வெளிவந்தன. நகரம் உருகியது. உணவும் நீரும் செருப்பும் கொடுத்தார்கள். நம் சங்கத்து அன்பர்கள் சிலரும் கொடுத்தார்கள். நல்ல செயல். ஆயினும் அவர்கள் எதற்காக நடந்தார்கள் என்று மறுவாரம் பத்துப் பேரிடம் கேட்டேன். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி தாம் உழுதுவரும் காட்டு நிலத்துக்குப் பட்டா வேண்டும் என்பதே அவர்களின் தலையாய கோரிக்கை. பத்தில் ஒருவருக்குக்கூட அது தெரியவில்லை. ‘எவ்வளவு ஒழுங்கு, பாருங்கள்!’ என்றனர். நம்மைத் தொந்தரவு செய்யாததற்குப் பாராட்டு. அவர்கள் கேட்டதற்குக் காது இல்லை. 2019இலும் 2023இலும் பெரும்பாலும் அதே கோரிக்கைகளுக்காக அவர்கள் மீண்டும் நடக்க நேர்ந்தது. அப்போது செருப்புக் கொடுத்தவர்கள் சிலரே.

‘நாம் நடுத்தர வர்க்கம், நமக்கு ஏன் இந்த வம்பு’ என்பார் உளர். நடு என்றால் எங்கே நடு? பிகெட்டி முதலிய பொருளியலாளர் நால்வர் 2024இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2022-23இல் இந்நாட்டின் மொத்த வருமானத்தில் 22.6 விழுக்காடும், மொத்தச் செல்வத்தில் 40.1 விழுக்காடும் உச்சியில் உள்ள நூற்றில் ஒருவரிடம் இருந்தன. அதே ஆய்வில் இன்னொரு எண்ணும் உண்டு. ஆண்டுக்குச் சுமார் 2.9 லட்சம் ரூபாய் வருமானம் உடையவர் மேல் பத்து விழுக்காட்டுக்குள் வந்துவிடுகிறார். மத்திய சர்க்காரின் கடைநிலை ஊழியரின் அடிப்படைச் சம்பளம் 18,000. 2022 ஜூலையில் அகவிலைப்படி 38 விழுக்காடு. பன்னிரண்டு மாதத்துக்குப் பெருக்கிப் பாருங்கள்: 2,98,080. வீட்டு வாடகைப்படி தனி. ஐயா, எங்கள் அலுவலகத்தில் கோப்பு சுமந்து வரும் ஊழியரே இந்நாட்டின் பத்தில் ஒருவர்! அவருக்கு மேலே அமர்ந்திருக்கும் நானும், எனக்கும் மேலே உள்ள அன்பர்களும் எந்த நடுவில் இருக்கிறோம்? நமக்கு மேலே ஒரு மலை இருக்கிறது என்பது மெய். கீழே நூற்றுக்குத் தொண்ணூறு பேர் இருக்கிறார்கள் என்பதும் மெய். நாமோ அண்ணாந்து பார்த்துப் பெருமூச்சு விடுகிறோம். குனிந்து பார்த்தால் மட்டும் அதட்டுகிறோம்.

அண்டை அயலைக்கூடப் பார்ப்பதில்லை. மாதுங்காவின் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் தாராவி. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிட வந்தவர்களின் கொள்ளுப்பேரர்கள் அங்கே இன்றும் தமிழ் பேசி வாழ்கிறார்கள். தாராவியை இடித்துக் கட்டும் திட்டத்தில் எவருக்கு அங்கேயே வீடு, எவருக்கு நகரின் எல்லையில் வீடு என்பது அவர்களுக்கு வாழ்வா சாவா என்னும் கேள்வி. அதற்காக அவர்கள் ஊர்வலம் போனால் நம்மவர் சொல்வது என்ன? ‘இலவசமாக வீடு கேட்கிறார்கள், வரி கட்டுகிறவன் நான்’. 1966இல் நம் பெயர்களைப் பட்டியலிட்டவர்களும் ஏறத்தாழ இப்படித்தான் பேசினார்கள்: இவன் எங்கிருந்தோ வந்தவன், இவனுக்கு ஏன் இடம்? பீகாரிலிருந்து வந்து டாக்ஸி ஓட்டுகிறவனைப் பற்றியும் நம் வீட்டுக் கூடங்களில் இதே பேச்சு நடக்கிறது. பேச்சு மாறவில்லை, பேசுகிற வாய் மாறியிருக்கிறது.

சென்ற அக்டோபரில் நான் குடியிருக்கும் கட்டடத்தில் நடந்த ஒன்றைச் சொல்லி நிறுத்துகிறேன். இருபத்திரண்டு வீடுகள், பாதிக்கு மேல் நம்மவர். பெரும்பாலோர் மத்திய சர்க்காரில் இருப்பவர்கள் அல்லது ஓய்வு பெற்றவர்கள். வாயிற்காவலர் இருவர், ஒருவருக்குப் பன்னிரண்டு மணி நேரம், மற்றவருக்குப் பன்னிரண்டு மணி நேரம். வார விடுமுறை கிடையாது. ஒருவருடைய பாட்டனார் பரேலில் நெசவுக்கூடத்தில் வேலை பார்த்தவர். இருவரும் சேர்ந்து பொதுக்குழுவுக்கு ஒரு தாள் கொடுத்தார்கள்: வாரத்தில் ஒருநாள் ஓய்வும், தீபாவளிக்கு ஒரு மாதச் சம்பளமும் வேண்டும் என்று. அகவிலைப்படி உயர்வு அறிவிக்கப்பட்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை; கூட்டத்துக்கு வந்த அனைவரும் அதைப் பேசிக்கொண்டேதான் உள்ளே நுழைந்தோம். தாள் படிக்கப்பட்டது. ‘யாரோ தூண்டிவிடுகிறார்கள்’ என்றார் ஒருவர். ‘இன்று இதைக் கொடுத்தால் நாளை வேறு கேட்பார்கள்’ என்றார் மற்றொருவர். மாற்று ஆள் அமர்த்த வீட்டுக்கு எவ்வளவு கூடும் என்று நான் கணக்கிட்டுச் சொன்னேன்: மாதம் இருநூறு ரூபாய்க்கும் குறைவு. தீர்மானம் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. கூட்டம் நடந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை.

அடுத்த கூட்டத்தில் மீண்டும் எழுந்து பேச எண்ணியிருக்கிறேன். சென்ற முறை என்னுடன் கை உயர்த்தியோர் எண்மர். இம்மலரைப் படிக்கும் அன்பர்களில் அக்கட்டடத்தில் குடியிருப்போர், அன்று கை உயர்த்தாதோர், நால்வர் இருக்கிறீர்கள். நீங்கள் நால்வரும் உயர்த்தினால் பெரும்பான்மை ஆகிவிடும்.